வெள்ளைத் தூசி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி வீட்டில் ஆறாயி பதினேழு வருடங்களாக வேலை செய்கிறாள். இந்தப் பதினேழு வருடத்தில் அவள் கைபட்டு உடைந்தது ஒரேயொரு கோப்பைத் தட்டு. அதையும் அவள் ஒளிக்கவில்லை. உடைந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கார அம்மா கனகேஸ்வரியிடம் போய், "நான்தாங்கம்மா" என்று நின்றாள். அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கனகேஸ்வரி அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஆறாயி, ஒண்டு கேக்கிறன், கோவிக்காத. கொம்பியூட்டரை ஈரத்துணியால துடைச்சனியோ?"

"இல்லீங்கம்மா. காஞ்ச துணிதான். அதுவும் மேலாப்புல."

"இல்லை, கொம்பியூட்டர் திருத்துற முர்ஷித் சொல்லிப்போட்டுப் போறார், உள்ளுக்க ஈரம் பட்டிருக்குமாம். அதுதான் படம் உடையுதாம்."

கனகேஸ்வரி அம்மா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற மனுசி அல்ல. "சரி, அந்த அறையை இனி நீ துடைக்க வேண்டாம்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் புட்டுக்கு மாக் குழைக்கப் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால்கூட ஆறாயிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்காரர் நாகேந்திரம், நிலஅளவைத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்து ஓய்வுபெற்றவர். ஒரே மகன் கிஷாந்த் கனடாவில். அவனுக்குப் போன மாதம் அங்கேயே கலியாணம் நடந்தது. தாய் தகப்பனுக்கு விசா கிடைக்கவில்லை. நேரலையில் பார்க்கலாம் என்று அன்று இரவு இருவரும் பட்டு உடுத்திக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். இணையமோ விட்டு விட்டு வந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் மாலையும் மாற்றி முடிந்துவிட்டது.

பிறகுதான் கலியாண வீடியோவை முழுதாக ஒரு சின்ன வன்தட்டில் போட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் மகன் கொடுத்தனுப்பினான். கனகேஸ்வரி அம்மா உடனே ஒரு திட்டம் போட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து, இனசனத்தைக் கூப்பிட்டு, எல்லோரும் சேர்ந்து முதல்முதலாகத் தாலிகட்டைப் பார்ப்பது. தாலி ஏறும்போது அட்சதை மாதிரித் திரைக்கு அறுகரிசி போடுவது. பிறகு சாப்பாடு. அதுவரைக்கும் யாரும் வீடியோவைத் தள்ளித் தாலிகட்டைப் பார்க்கக்கூடாது என்று புருசனுக்குக் கட்டளை. நாகேந்திரம் அதற்குக் கட்டுப்பட்டு, ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு, ஆரம்பத்திலிருந்து மாப்பிள்ளை அழைப்பை மட்டும் போட்டுப் பார்ப்பார்.

அப்போதுதான் கணினிக்கு வந்த நோய் தெரிந்தது. முதலில் படம் கண்ணாடி மாதிரி ஓடும். கொஞ்ச நேரம் போனதும் பச்சைச் சதுரங்கள் முளைக்கும். பிறகு ரோசா நிறத்தில் கோடுகள். மாப்பிள்ளையின் தலைப்பாகை ஓர் இடத்தில், முகம் இன்னோர் இடத்தில், கையிலிருந்த தேங்காய் தனியாக அந்தரத்தில். சத்தம் மட்டும் பிசகாமல் வரும். நாதஸ்வரம் ஒழுங்காக வாசிக்க, கலியாண வீடு துண்டு துண்டாகக் கிடக்கும்.

முர்ஷித் பக்கத்துக் கடையில் கணினி திருத்துகிறவன், முப்பது வயது, நல்ல மனுசன், ஆனால் அவசரக்காரன். முதல் தடவை வந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, "ஒண்டுமில்ல அங்கிள், நல்லா ஓடுது" என்று போய்விட்டான். இரண்டாம் தடவை, படம் போடுகிற மென்பொருளை மாற்றினான். மூன்றாம் தடவை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினான். மகன் அனுப்பிய வன்தட்டைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தான். அங்கே மூன்று மணித்தியாலமும் பிசகவில்லை. ஆகவே பழுது வீட்டுக் கணினியில்தான். அதைத் திறந்து பார்த்தானா என்றால் இல்லை. கடையில் ஆள் காத்திருக்க, படியிறங்குகிற அவசரத்தில், "ஈரம் பட்டிருக்கும், வேலைக்கு வாற ஆள்ட கேட்டுப் பாருங்க" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனான். போகிறபோக்கில் விடுகிற வார்த்தைக்கு ஒருநாளும் தான் போய்ச்சேரும் விலாசம் தெரியாது. அது ஆறாயி தலையில் வந்து இறங்கியது.

ஆறாயி பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கலியாணம் முடித்து வந்தது கொட்டாஞ்சேனையில் இன்னொரு தோட்டத்துக்கு. கொழும்பில் தோட்டம் என்றால் செடி கொடி தேடக்கூடாது. ஒரு குழாயை நம்பி அறுபது வீடு இருக்கும் சந்துக்குப் பெயர் அது. புருசன் அழகுமுத்து புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமியாக இருந்து, முதுகு விட்டுப்போனதும் வீட்டோடு இருக்கிறான். மகளைப் படிக்க வைத்தாள். அவள் இப்போது பாலர் பாடசாலையில் ரீச்சர். இதெல்லாம் ஆறாயியின் சம்பாத்தியம். அதைவிடப் பெரிய சம்பாத்தியம் ஒன்று அவளுக்கு உண்டு. அந்த ஒழுங்கையில் எந்த வீட்டிலும் சாவியை நம்பிக் கொடுக்கலாம் என்றால் முதலில் வருகிற பெயர் ஆறாயி.

அன்று மாலை அழகுமுத்து சுலபமாகச் சொன்னான்: "வுட்டுத் தள்ளு புள்ள. வேற வூடு பாத்துக்குவோம்."

"வேற வூட்டுக்கு நா மட்டுமா போவேன்? கம்பியூட்டர ஒடச்சவங்கிற பேரும் கூடவே வரும்" என்றாள் ஆறாயி. "போறதா இருந்தாலும் பேரக் கழுவிட்டுத்தான் போவேன்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் வந்தால் ஆறாயிக்கு வாய் ஓடாது, கண்தான் ஓடும்.

அந்த அறையைத் துடைக்க வேண்டாம் என்றார்களே தவிர, அங்கே உடுப்பு அயன் பண்ண வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அயன் மேசை கிடப்பது அந்த அறையில்தான். புதன்கிழமை பத்து மணிக்கு நாகேந்திரம் வழக்கம்போல மாப்பிள்ளை அழைப்பைப் போட்டார். பின்னால் ஆறாயி சட்டைகளை விரித்தாள். முதல் சட்டை, இரண்டாம் சட்டை, படம் நன்றாக ஓடியது. நாலாவது சட்டையின் கழுத்துப்பட்டிக்கு வரும்போது பச்சைச் சதுரம் வந்தது. நாகேந்திரம் "சீ" என்று மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அயன் சூட்டில் வியர்த்துக் கொட்ட, ஆறாயி மூலையில் நின்ற காற்றாடியைத் தன் பக்கம் திருப்பினாள். நடுவில் கணினிப் பெட்டி இருந்தது. இன்னும் இரண்டு சட்டை போயிருக்கும். மாப்பிள்ளையின் முகம் தலைப்பாகைக்குக் கீழே வந்து சேர்ந்தது. தேங்காயும் கைக்கு வந்தது. நாகேந்திரம் தான் தட்டிய தட்டில் சரியாகிவிட்டதென்று சந்தோசப்பட்டார். ஆறாயி காற்றாடியை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

வியாழக்கிழமை அவள் வேண்டுமென்றே காற்றாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். அதே நாலாவது சட்டையில் சதுரம் வந்தது. காற்றாடியைப் பெட்டிக்குத் திருப்பினாள். ஆறாவது சட்டையில் போனது. மறுபடி சுவருக்கு, மறுபடி சதுரம். நாகேந்திரம் தேநீர் குடிக்க எழுந்த நேரம் பெட்டியின் தலையிலிருந்த வலைத்தட்டுக்கு மேலே கையை நீட்டினாள். துடைக்கத்தானே வேண்டாம் என்றார்கள், கையை நீட்ட வேண்டாம் என்று சொல்லவில்லையே. பெட்டி கொதித்தது. ஆனால் அந்த வழியால் காற்று ஒரு பொட்டும் வரவில்லை.

பதினாறு வயதில் ஆறாயி தேயிலை ஆலையில் கூட்டித் துடைக்கப் போனவள். தேயிலைத் தூளோடு பறக்கும் பஞ்சு போய் அடைத்தால் மோட்டார் முதலில் கொதிக்கும், பிறகு குணம் மாறும் என்பதை அங்கே மூக்காலேயே படித்தவள். வெள்ளிக்கிழமை காலை அவள் அயன் பெட்டியை வைத்துவிட்டு நாகேந்திரத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, அதுக்கு ஈரமில்ல. சூடு."

"உனக்கு உந்தக் கொம்பியூட்டரைப் பற்றி என்ன தெரியும் ஆறாயி?"

"கம்பியூட்டரப் பத்தித் தெரியாதுங்கய்யா. சூட்டப் பத்தித் தெரியும். கொஞ்ச நேரம் இருந்து பாருங்க."

காற்றாடியைத் திருப்பிக் காட்டினாள். படம் சேர்ந்தது. விலக்கிக் காட்டினாள். படம் உடைந்தது. நாகேந்திரம் நாற்பது வருடம் அளவுகோலோடு வாழ்ந்த மனுசன். கண்ணால் கண்டதை மறுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "இன்னொருக்கா செய்" என்றார். செய்தாள். "இன்னும் ஒருக்கா." செய்தாள். மூன்றாம் தடவை அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இஞ்சாரும், இஞ்ச வாரும் கனகம், ஆறாயி ஒரு விசயம் கண்டுபிடிச்சிருக்கிறாள்" என்று குரல் கொடுத்தார்.

கனகேஸ்வரி அம்மா வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "அது சரி. சூடு ஏன் வந்தது? தண்ணி பட்டதாலதான் வந்ததோ என்னவோ" என்றார்.

ஆறாயிக்கு முகம் சிவந்தது. பாதி வழி வந்த பிறகு திரும்பிப் போகிற ஆள் அல்ல அவள். "அந்தத் தம்பியக் கூப்பிடுங்கம்மா. தொறந்து பாக்கச் சொல்லுங்க. தொறக்குறப்ப நா இருக்கணும்" என்றாள். பதினேழு வருடத்தில் அந்த வீட்டில் அவள் 'வேண்டும்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை முர்ஷித் வந்தான். நாகேந்திரம் அப்போதுதான் குளித்துச் சாமி கும்பிட்டு, நெற்றியில் மூன்று குறியும் பளிச்சென்று தெரிய வந்து நின்றார். கனகேஸ்வரி அம்மா கதவு நிலையில். ஆறாயி கையில் துடைக்கிற துணியோடு பெட்டிக்குப் பக்கத்தில். முர்ஷித் திருகாணிகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை இழுத்தான்.

உள்ளே எல்லாம் வெள்ளையாக இருந்தது. படத்துக்கென்று உள்ள அட்டையின் மேல் ஒரு சின்னக் காற்றாடி. அதன் இதழ்களில் விரல் தடிப்புக்கு வெள்ளை அப்பிக் கட்டிபட்டுப் போயிருந்தது. அது சுற்றுவதை விட்டு எத்தனை நாளோ.

"அங்கிள், வீட்டுக்கு பெயின்ட் அடிச்சீங்களா? சுண்ணாம்பு மாதிரி ஈக்குது" என்றான் முர்ஷித்.

"இல்லையே."

கனகேஸ்வரி அம்மா எட்டிப் பார்த்தார். "சட்டி கழுவுற பவுடரோ?" என்றார். ஆளைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் சட்டி கழுவுகிறவள் ஒருத்திதான்.

ஆறாயி கையிலிருந்த துணியை விரித்தாள். அன்று காலை வீடு முழுக்கத் துடைத்த துணி அது.

"அம்மா, பதினேழு வருஷமா இந்த வூட்டுத் தூசிய நாந்தான் தொடைக்கிறேன். ரோட்டுப் பக்கத்துத் தூசி கறுப்பு, கரி மாதிரி. கடப்பக்கத்துத் தூசி பிசுபிசுன்னு உப்பு. குசினித் தூசி எண்ணெயோட செவப்பு. படுக்கிற ரூமுல சாம்பலா பஞ்சு. எல்லாம் இதுல இருக்கு, பாருங்க. வெள்ளத் தூசி இந்த வூட்டுல எங்கயுமே கெடையாது."

துணியின் சுத்தமான மூலையால் அந்தக் காற்றாடி இதழை மெல்ல வழித்தாள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். அவ்வளவுதான், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துணியைக் கனகேஸ்வரி அம்மாவிடம் நீட்டினாள்.

கனகேஸ்வரி அம்மா மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். மறுபடியும் மணந்து பார்த்தார். பிறகு மெதுவாகப் புருசனின் நெற்றியைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ" என்றார். "இது திருநீறு."

இந்த இடத்தில் நாகேந்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகன் பம்பலப்பிட்டிக்குப் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க, அவன் நெற்றியில் அவர் திருநீறு பூசாமல் ஒருநாளும் அவன் படியிறங்கியதில்லை. கனடா போன பிறகு பூச நெற்றி இல்லை. முதல் சம்பளத்தில் மகன் இந்தக் கணினியை வாங்கித் தந்தான். அதில்தான் ஞாயிறுதோறும் அவன் முகம் வரும். ஆகவே ஒவ்வொரு நாளும் சாமி கும்பிட்டு வந்து, ஒரு சிட்டிகை திருநீற்றை அந்தப் பெட்டியின் தலையில் தூவுவார். தீட்சை பெற்ற அவருக்கு நீரில் குழைத்த மூன்று குறி. தீட்சை இல்லாத கணினிக்குக் காய்ந்த திருநீறு. சாத்திரப்படி சரிதான். பெட்டியின் தலையில் இருந்தது காற்றுப் போகிற வலைத்தட்டு என்பது மட்டும் சாத்திரத்தில் இல்லை. வலைத்தட்டால் விழுந்தது போக மிச்சம் மீதியைத்தான் ஆறாயியின் துணி காலை வேலைகளில் கண்டிருந்தது. சாமிப் பொருளை அவள் தூசிக் கணக்கில் சேர்ப்பதில்லை, எடுத்துத் துளசிச் சாடியில்தான் போடுவாள்.

"ஒரு சிட்டிகைதானே போட்டனான்" என்றார் நாகேந்திரம்.

"நாலு வருசமா ஒவ்வொரு நாளும் ஒரு சிட்டிகை" என்றார் கனகேஸ்வரி அம்மா.

முர்ஷித் சிரிப்பை அடக்கத் திருகாணி தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டான். ஆறாயி சிரிக்கவில்லை. பெரியவரைப் பார்க்க அவளுக்கு ஒருபக்கம் பாவமாக இருந்தது. அந்தப் பிள்ளையின் வெள்ளைச் சட்டைகளைப் பதினொரு வயதிலிருந்து அயன் பண்ணிக் கொடுத்தவள் அவள்தானே. "தப்பில்லீங்கய்யா, புள்ளைக்குப் பூசுறதா நெனச்சுத்தான பூசுனீங்க" என்றாள். பிறகு முர்ஷித் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, ஈரம் பட்ட எடம் எங்க இருக்கு, காட்டுங்க."

முர்ஷித் கைவிளக்கைப் பிடித்து உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தான். "எங்கயும் இல்ல அக்கா. நா பிழையாச் சென்னது."

"என்கிட்ட இல்ல. அம்மாகிட்ட சொல்லுங்க."

முர்ஷித் எழுந்து நின்றான். "ஆன்டி, ஈரம் ஒண்டும் படல்ல. இவங்க மேல பிழை இல்ல. தொறந்து பாக்காமச் சென்னது என்ட பிழை" என்றான். அவசரக்காரன்தான், ஆனால் பிழையை ஒத்துக்கொள்வதில் அவன் நேரம் எடுக்கவில்லை. பிறகு தூரிகையாலும் ஊதுகருவியாலும் ஒரு மணித்தியாலம் சுத்தம் செய்து, அந்தச் சின்னக் காற்றாடியை மாற்றி, பெட்டியை மூடினான். படத்தை ஓடவிட்டார்கள். ஆறாயி அன்று பன்னிரண்டு சட்டை அயன் பண்ணினாள். பன்னிரண்டாவது சட்டையிலும் மாப்பிள்ளை முழுசாகவே இருந்தான்.

கனகேஸ்வரி அம்மாவின் வாயில் மன்னிப்பு என்ற சொல் வராது. வராததற்குப் பதில் வேறு சொற்கள் வரும். ஆறாயி செருப்பை மாட்டும்போது வாசல்வரை வந்தார்.

"திங்கட்கிழமையில இருந்து அந்த அறையையும் துடைச்சு விடு."

"சரிங்கம்மா."

"நாளைக்கும் வா. வேலைக்கில்லை. கலியாணத்துக்கு."

பஸ்ஸில் கொட்டாஞ்சேனைவரை ஆறாயி நின்றுகொண்டேதான் போனாள். இருக்கை கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளின் ரீச்சர் நியமனத்துக்கு வாங்கிய மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். நாகேந்திரம் ஒரு கதிரையை இழுத்துக் கணினிக்குப் பக்கத்தில் போட்டு, "இதில இரு ஆறாயி, படம் உடைஞ்சா உனக்குத்தான் தெரியும்" என்றார். அந்த வீட்டுக் கதிரைகளைப் பதினேழு வருடமாகத் துடைத்தவள், முதல் தடவையாக ஒன்றில் உட்கார்ந்தாள்.

சிறிது நேரத்தில் இரத்மலானையிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், கதைத்த வாக்கில் வெறுங்கோப்பையை ஆறாயியிடம் நீட்டினார். பழக்கதோசம், ஆறாயியின் கையும் தானாக நீண்டது. அதற்கு முன் நாகேந்திரத்தின் கை வந்தது.

"உந்தக் கோப்பையை இஞ்சால தாங்கோ. ஆறாயி இண்டைக்கு வேலைக்கு வரேல்லை. இந்தக் கொம்பியூட்டரைத் திருத்தினதே அவள்தான். கலியாண வீட்டுக்கு வந்திருக்கிறாள்" என்றார். சொல்லிவிட்டுக் கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுபோனார். அவர் குசினிக்குள் கோப்பை கொண்டுபோனதை அந்த வீட்டுச் சுவர்கள்கூட முன்பு கண்டிருக்காது.

ஆறாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெஞ்சு நிறைந்து வந்தது. அதை மறைக்க அவள் முயலவும் இல்லை.

ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு திரையில் மேளம் கெட்டியாக முழங்கியது. கிஷாந்த் தாலியைக் கையில் எடுத்தான். ஒரு சதுரம் இல்லை, ஒரு கோடு இல்லை. அவன் விரல் நடுங்குவதுவரை தெரிந்தது. கனகேஸ்வரி அம்மா அழுதுகொண்டே எழுந்து ஒரு பிடி அறுகரிசியை ஆறாயியின் கையில் வைத்தார். "நீயும் போடு. நீயும் வளர்த்த பிள்ளைதானே."

இருபது பேரும் ஒன்றாக அரிசியை வீசினார்கள். ஆறாயி வலக்கையால் போட்டாள். இடக்கை மட்டும் சேலைத் தலைப்பை விரித்துப் பெட்டியின் தலையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. அரிசி திரையில் பட்டது, மேசையில் கொட்டியது, அவள் மடியில் நிறைந்தது. வலைத்தட்டுக்குள் ஒரு மணிகூடப் போகவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் அந்த அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், காய்ந்த துணியால். நாகேந்திரம் சாமி கும்பிட்டுத் திருநீற்றுத் தட்டோடு வழக்கம்போல வந்தார். பெட்டிக்குக் கிட்டப் போனதும் நினைவு வந்து, சிட்டிகையோடு நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவர் ஆறாயியைப் பார்த்தார்.

"ஆறாயி, பூசலாமோ?"

ஆறாயி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு குசினிக்குப் போய், ஒரு கரண்டியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் கொண்டுவந்து அவருடைய தட்டில் விட்டாள்.

"தூவாதீங்கய்யா. கொழச்சு, பக்கத் தகட்டுல பூசுங்க" என்றாள். "ஈரம் ஒண்ணும் செய்யாது."